படமும் பின்கதையும்: வன்னியில் புதிதாகப் படம் எடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

நல்ல படமொன்றைப் பார்த்தவர் முதலில் "இது எந்த இடம்?" என்று கேட்பார். அடுத்து, "இதில் இருப்பவர் யார், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?" என்பார். எடுத்தவருக்கே இதற்கு விடை தெரியாவிட்டால், அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நாட்காட்டிப் படமாகவே போய்விடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலத்தில், கைத்தொலைபேசியோடோ இரவல் கமராவோடோ படம் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்றாட வாழ்க்கைப் படம், திரைப்படக் காட்சி போல் அமைந்த படம் ஆகிய இரண்டையும் எடுக்கும் முறையும், அவற்றின் பின்கதையைத் திரட்டி எழுதும் முறையும் படிப்படியாகக் கீழே வருகின்றன. படம் எடுக்கும் இடத்திலேயே கதையையும் திரட்டிவிட வேண்டும் என்பதே நான் வற்புறுத்தும் ஒரே விடயம்.

முதற்படி: கையில் இருப்பதே போதும்

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கைத்தொலைபேசியின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீற்றர் லென்ஸுக்கு நிகரான அகன்ற பார்வை கொண்டது. ஆகவே ஆளைப் பெரிதாகக் காட்ட விரும்பினால் திரையை விரலால் விரித்துப் பெருப்பிக்காமல், இரண்டடி முன்னே செல்ல வேண்டும். கமரா வைத்திருப்பவருக்கு 35 அல்லது 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றே நெடுங்காலம் போதும். கிரவல் வீதியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். அந்தச் செம்புழுதி உள்ளே போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு. பருத்தித் துணி ஒன்று, குறிப்புக் கொப்பி ஒன்று, பேனை இரண்டு. கொப்பியை மறந்தவர் பாதிக் கருவியை வீட்டில் விட்டுவந்தவர் என்பது என் கணக்கு.

இரண்டாம் படி: ஒரு தொழிலைத் தெரிந்து அதன் பருவத்தைப் படியுங்கள்

கண்டதையெல்லாம் எடுப்பவரிடம் படங்கள் சேரும், கதை சேராது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் ஒரு தொழிலையோ ஒரு இடத்தையோ தெரிந்துகொண்டு, ஓர் ஆண்டு அதன் பின்னால் செல்லுங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற பெருங்குளங்களின் கீழ் வாழ்பவர்களுக்குக் காலபோக நெற்செய்கை இருக்கிறது: வடகீழ்ப் பருவமழையை நம்பி ஐப்பசியை ஒட்டி விதைப்பு, மார்கழியில் குளம் நிரம்பி வான்கதவு திறக்கும் நாள், மாசி பங்குனியில் அறுவடை. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்குக் கரைவலை இருக்கிறது; வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் அது நின்றுவிடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். அதே காலத்தை ஒட்டிக் காட்டோரங்களில் பாலைப்பழம் பழுக்கும். பருவத்தை அறிந்தவருக்கு, எந்தக் கிழமை எந்த வரம்பில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் அதிர்ஷ்டம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாம் படி: இந்த மண்ணின் வெளிச்சம்

இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பல, வடக்குத் தேசங்களில் இருந்து எழுதப்பட்டவை. பொன்னிற வெளிச்சம் ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று அவை சொல்லும். வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் அடிவானத்தில் சாய்ந்து தவழாமல் ஏறக்குறைய நேராக மேலே ஏறும். மணிக்கு 15 பாகை என்ற கணக்கில், பொன்னிற வெளிச்சம் நீடிக்கும் 6 பாகை உயரத்தைத் தாண்டுவதற்கு 25 நிமிடங்கள் வரையே ஆகும். எனவே உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். விடிவதற்கு முந்திய நீல வெளிச்சம் அதைவிடவும் குறைவு. ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏறத்தாழ காலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் என்பதால், ஐந்தரைக்கே இடத்தில் நிற்பவர் எந்த மாதத்திலும் பிந்தமாட்டார்.

திசையும் முக்கியம். முல்லைத்தீவில் சூரியன் கடலில் இருந்து எழும். மன்னார்க் கரையில் கடலில் விழும். விடியற்காலைக் கடலுக்கு மன்னாருக்குப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் மாத இறுதியை ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். முகங்களில் கண்குழிகள் கறுத்துப் போகும். அந்த நேரத்தில் வெளியே முகங்களை எடுக்காதீர்கள். குளக்கட்டு மருதமர நிழல், விறாந்தை, வீட்டு வாசலின் உட்பக்கம் ஆகிய இடங்களில் மென்மையான வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் இருட்டாக இருந்தால், வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் வெள்ளை வேட்டியொன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா, 1956இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்தில் காசி வீட்டு முற்றத்தை ஸ்ரூடியோவில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் தெறிக்கவிட்டே இயற்கை வெளிச்சம் போன்ற ஒளியைப் பெற்றார். நமக்கு விளக்குக்கூடத் தேவையில்லை.

நான்காம் படி: அனுமதி

இந்தப் படியில் அவசரப்படுபவர் வன்னியில் படம் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு இங்கே எத்தனையோ கமராக்கள் வந்து போயின. வரிசையில் நின்று பொதி வாங்குவோரையும், கூடாரத்தின் முன்னே இருத்தப்பட்ட பிள்ளைகளையும் அவை எடுத்தன. அந்தப் படங்கள் எங்கே போயின என்பது எடுக்கப்பட்டவர்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே கமராவைக் கண்டதும் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

கமரா பைக்குள் இருக்கும்போதே பேசத் தொடங்குங்கள். "எந்த இடம் தம்பி? ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கு முழுமையாக விடை சொல்லுங்கள். அதன் பிறகு, "அம்மா, நீங்கள் வேலை செய்யிறதை ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்கலாம். "என்னத்துக்கு? எங்கை போடப்போறீர்?" என்று திருப்பிக் கேட்டால் நல்லது; அவர் உங்களை மதித்துக் கேட்கிறார். முகநூலிலா, பாடசாலைக் கண்காட்சியிலா, உங்கள் கைத்தொலைபேசியில் மட்டுமா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். எடுத்த பின் திரையில் காட்டி, "இதைப் போடலாமோ?" என்று இரண்டாம் முறையும் கேளுங்கள், ஏனெனில் எடுப்பதற்குச் சம்மதித்தவர் போடுவதற்கும் சம்மதித்ததாக ஆகாது. சிறுவர்கள் தாங்களாகவே ஓடிவந்து நின்றாலும் தாய் தந்தையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் புறப்படுங்கள்.

போர்க்கால இழப்புகளை நீங்களாகக் கிளற வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். எழுதுவதற்குத் தனியாக அனுமதி பெறுங்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்தவர்களில் பலர் குடும்ப அல்பங்களையெல்லாம் வழியில் விட்டவர்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் ஏந்தியிருந்த படங்களை உற்றுப் பார்த்தால், அடையாள அட்டைக்கோ பாடசாலைக்கோ எடுத்த சின்னஞ்சிறு படத்தைப் பெருப்பித்தவை பல இருப்பது தெரியும். ஒரு படத்துக்கு இந்த மண்ணில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பொத்தானில் விரலை வைக்க வேண்டும்.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில், ஆட்கள் நடந்து பழகிய பாதையை விட்டு ஓர் அடியும் விலகாதீர்கள். படைமுகாம்களையும் சோதனைச் சாவடிகளையும் எடுக்காதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. பொழுதுபட்ட பின் காட்டோரக் குளக்கட்டில் தனியே நிற்க வேண்டாம். யானை வரும் பாதைகளை ஊரவரிடம் கேட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: அன்றாடத்தை எடுப்பது

மாசி பங்குனியில் கண்டி வீதியால் போகும் எவரும் பார்க்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வீதியோரத்தில் காயும் நெல். வாகனத்தில் போகிறவர் மஞ்சள் கம்பளம் விரித்தது போல் இருக்கிறது என்று எட்டிநின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போவார். நீங்கள் இறங்குங்கள்.

வெயில் சரியும் நேரம், நெல்லின் சொந்தக்காரி வெறுங்காலால் அதைக் கிளறிக்கொண்டிருப்பார். பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார். அவர் போன வழியெல்லாம் நெல்லில் சால் விழும். ஒவ்வொரு சாலுக்கும் ஒரு கரை வெளிச்சமாகவும் மறுகரை நிழலாகவும் இருக்கும். கணுக்கால் வரை வெண்தூசி படிந்திருக்கும். விரல்களுக்கு இடையில் நெல்மணிகள் செருகிக் கிடக்கும். நின்றுகொண்டு எடுத்தால் இவற்றில் எதுவும் தெரியாது. வாகனம் ஓடாத பக்கத்தில் குந்தியிருந்து, கமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் வரும்படி எடுங்கள். முதலில் வீதி, வானம், பேருந்து எல்லாம் அடங்கிய அகன்ற படம். பிறகு ஆள் முழுதாகத் தெரியும் படம். கடைசியாகப் பாதமும் சாலும் மட்டும். மூன்றும் இருந்தால், எழுதும்போது எது கதையைத் தாங்குகிறது என்று தெரிவுசெய்யலாம்.

எடுத்து முடித்ததும் கேள்வி கேளுங்கள். ஏன் வீதியில் காயவைக்கிறார்? வெட்டு மெசின் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்க வேண்டுமானால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. தனியார் வியாபாரியோ ஈரத்தைக் காட்டி விலையைக் குறைப்பார். காயவைக்கும் தளம் இல்லாதவருக்குச் சூடேறிய தார் வீதியும் ஒரு படங்கும்தான் வழி. இந்தக் காரணம் படத்தில் எங்கும் தெரியாது, கேட்டால்தான் தெரியவரும்.

ஆறாம் படி: திரைப்படக் காட்சி போன்ற படம்

நிறத்தை நீலமும் செம்மஞ்சளுமாக மாற்றி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டால் திரைப்படம் போலாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தத் தோற்றம் வேறு சில காரணங்களால் வருவது. ஒன்று, படச்சட்டத்தின் வடிவம்: அகன்ற திரைக்கு 2.39:1 என்ற விகிதம் வழக்கில் உள்ளது. 4000க்கு 3000 பிக்சல் படத்தை இந்த விகிதத்துக்கு வெட்டினாலும் 4000க்கு 1674 மிஞ்சும்; 13 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சிட அது தாராளம். ஆனால் வெட்டப் போவதை எடுக்கும்போதே நினைத்து, மேலும் கீழும் இடம் விட வேண்டும். இன்னொன்று, அசைவின் மங்கல்: திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டங்களாக ஓடுவது, ஒவ்வொரு சட்டமும் வழக்கமாக 1/48 செக்கன் வெளிச்சம் பெறுவது. ஆகவே 1/50 செக்கனில் எடுத்தால், நிற்பவர் தெளிவாகவும் நடப்பவரின் கை கால் சற்று மங்கியும் விழும். நம் கண் அதைத் திரையில் பார்த்துப் பழகியிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நடந்துகொண்டிருக்கும் செயலை முடியாத நிலையில் பிடிப்பது. வாசலுக்குள் நுழைந்துவிட்டவரைவிட, வாசற்படியில் ஒரு காலை வைத்திருப்பவர் பார்ப்பவரை அடுத்து என்ன என்று கேட்கவைப்பார்.

பழக மாங்குளம், புளியங்குளம் போன்ற சந்திகளில் விடியுமுன் திறந்திருக்கும் தேநீர்க் கடை நல்ல இடம். வெளியே வானம் நீலமாக இருக்கும். உள்ளே மஞ்சள் விளக்கு எரியும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் கமரா இரண்டையும் சாம்பலாக்கிவிடும். பகல் வெளிச்சத்துக்குரிய 5500 கெல்வின் அளவில் நிறுத்திவிடுங்கள், நீலமும் மஞ்சளும் தாமாகப் பிரிந்து நிற்கும். கைத்தொலைபேசியில் விளக்கைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டி, சற்றுக் கீழே இறக்குங்கள். தேத்தண்ணி ஆற்றுபவரின் பின்னால் விளக்கு வந்தால் ஆவி எழுவது தெரியும். முன்னால் வந்தால் தெரியாது. புழுதி, மழை, அடுப்புப் புகை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

வேலியும் படலையும் சும்மா கிடைக்கும் சட்டங்கள். பிரெஞ்சுப் படக்கலைஞர் அன்றி கார்த்தியே பிரெசோன் 1932இல் பாரிஸின் சென் லசார் தொடருந்து நிலையத்தின் பின்புறத்தில் தேங்கிக் கிடந்த நீரைத் தாண்டிக் குதிப்பவரை எடுத்தது, பலகைத் தடுப்பின் இடைவெளியில் லென்ஸை வைத்துத்தான். வழக்கமாகப் படத்தை வெட்டாத அவர், மறைத்த பலகையை நீக்குவதற்காக அதை வெட்டினார். இந்த ஒரு தகவலை அறிந்த பின் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. தொழில்நுட்பக் குறிப்பு எப்போது கதையாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். எந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு), எந்த லென்ஸ் என்ற பட்டியல் கதையாகாது. எங்கே நின்றீர்கள், எதற்காகக் காத்திருந்தீர்கள் என்பது கதையாகும்.

கரைவலையிலும் அப்படித்தான். உதயசூரியனுக்கு எதிரே நின்று வரிசையாகக் கயிறிழுப்போரின் நிழலுருவை எடுப்பது எளிது, அழகாகவும் வரும். ஆனால் இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலிதான் கயிற்றை இழுக்கிறது. முன்னர் இழுத்த கைகளுக்கு அங்கே வேலை குறைந்துவிட்டது. அந்த இயந்திரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளி அழகான படம் எடுத்தால், குறைந்தபட்சம் பின்கதையிலாவது அதைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அதையும் சேர்த்தே எடுப்பேன்.

ஏழாம் படி: குறிப்புக் கொப்பி

இடத்தை விட்டுப் புறப்படும் முன், நின்றபடியே எழுதுங்கள். பெயர், வயதைச் சொல்ல விரும்பினால் வயது, ஊர், மாவட்டம். புதுக்குளம் என்ற பெயரில் ஊர்கள் பல இருப்பதால் மாவட்டத்தை விடாதீர்கள். அவர் சொன்ன ஒரு வசனத்தையாவது அவர் சொன்னபடியே, பேச்சு வழக்கைத் திருத்தாமல் எழுதுங்கள். சட்டத்துக்கு வெளியே இருந்தவற்றையும் எழுதுங்கள்: சத்தம், மணம், யார் எங்கே போய்க்கொண்டிருந்தார், படத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது. மீண்டும் ஒருமுறை நடந்து காட்டச் சொல்லி எடுத்திருந்தால், அதையும் மறைக்காமல் குறியுங்கள்.

ஏன் இவ்வளவு என்றால், 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில், அமெரிக்கப் படக்கலைஞர் டொரோத்தியா லாங்கே ஒரு தாயைப் பிள்ளைகளோடு எடுத்தார். உலகம் முழுவதும் பரவிய அந்தப் படத்தில் இருந்தவரின் பெயரை அவர் கேட்கவில்லை. புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்ற பெயர் வெளியே தெரியவந்தது 1978இல்தான். வண்டியின் ரயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லாங்கே எழுதியதைக் குடும்பத்தினர் மறுத்தனர். அவ்வளவு திறமையான கலைஞரின் படத்துக்கே பின்கதையில் இந்தக் கதி நேர்ந்தது.

எட்டாம் படி: எழுதுதல்

அன்றிரவே எழுதுங்கள். படத்தில் தெரிவதைத் திரும்பச் சொல்லாதீர்கள். "உழைப்பின் வியர்வை", "வாடாத நம்பிக்கை" போன்ற தலைப்புகள் எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே எதற்கும் பயன்படாதவை. நெல் காயும் படத்துக்கு இப்படி எழுதலாம்:

"பரந்தனுக்கு அருகில், பங்குனி மாதத்து மாலை. காலையில் இருந்து இந்த அம்மா நெல்லைக் கிளறுவது மூன்றாவது தடவை. தெற்கே மழை இருட்டியதால், மகன் படங்கின் மற்ற மூலையைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் படத்தில் இல்லை. ஈரம் இறங்காவிட்டால் நாளை வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. நான் வீதியோரத்தில் குந்தியிருந்து, பின்னால் பேருந்து வரும்வரை பொறுத்து எடுத்தேன்."

ஆறு வசனங்கள் போதும். பரிதாபத்தைத் தூண்டும் சொற்களைத் தேடித் தேடி நீக்குங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். இல்லாத பறவையையும் மேகத்தையும் சேர்த்தால் அது உங்கள் கற்பனை ஓவியம், அப்படியே பெயரிட்டுப் போடுங்கள். இணையத்தில் இடுமுன் படத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தரவை நீக்குங்கள், குறிப்பாகத் தனியாக வாழும் பெண்களின் வீட்டில் எடுத்த படமாக இருந்தால்.

ஒன்பதாம் படி: படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தல்

தருகிறேன் என்று சொன்ன படத்தைத் தராமல் விட்டவரால்தான் அடுத்து வருபவருக்குப் படலை திறக்காமல் போகிறது. நகரத்து ஸ்ரூடியோ எதிலும் 4க்கு 6 அங்குலத்தில் அச்சிடலாம். உங்களுக்குப் பிடித்த படத்தோடு, அவர் முகம் தெளிவாகத் தெரியும் இன்னொரு படத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். கலைப்படத்தைவிட அதையே பெரும்பாலானோர் விரும்புவர். கொடுக்கப் போகும்போது எழுதிய கதையையும் வாசித்துக் காட்டுங்கள். "அது அப்பிடி இல்லைத் தம்பி" என்று அவர் திருத்தினால், அங்கேயே திருத்தி எழுதுங்கள். பளபளப்பான அச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, பந்துமுனைப் பேனை அழுந்தி முன்பக்கம் தெரியும். ஆகவே நிரந்தர மை மார்க்கரால் பின்புறத்தில் திகதி, இடம், இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி, மை காய்ந்த பின்னரே படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள்.